சாட்சித் தொட்டி

பவளத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த ஒரே நம்பிக்கையில்தான் அரசாங்கம் சாட்சித் தொட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோரத்தில் ஆலை வைத்துக் கடலுக்குள் எதையாவது விடுகிறவர்கள், அதே இடத்துத் தண்ணீரில் உயிருள்ள பவளத்தை வளர்த்துக் காட்ட வேண்டும். பவளம் பூத்திருந்தால் ஆலை ஓடலாம். வெளுத்தால் ஆலையை நிறுத்தியாக வேண்டும். மீட்டர் காட்டிய எண்களை நம்பி நம்பி ஏமாந்துபோயிருந்த ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மெஷினின் வாயை அடைக்கலாம், உயிரின் வாயை எப்படி அடைப்பது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வெளியே சொல்லவில்லை.

மாதாமுனையில் இருந்தது கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்புகிற ஆலை. ஊருக்கும் ஆலைக்கும் நடுவே மணலில் முன்பக்கம் கண்ணாடி வைத்த ஒரு மாடிக் கட்டடம். அதற்குள்தான் தொட்டி; இரண்டு ஆள் நீளம், இடுப்பு உயரம். ஆலையின் கழிவுநீர் கடலில் கலக்கிற இடத்திலிருந்து ஒரு குழாய் தண்ணீரை இழுத்துக் கீழே இருக்கிற அடித்தொட்டியில் கொட்டும். அங்கிருந்து மோட்டார் அதை மேல்தொட்டிக்கு ஏற்றும். மேல்தொட்டியில் முப்பத்தாறு பவளக் கொத்துகள், எல்லாம் இதற்கென்றே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தொட்டாற்சிணுங்கி ரகம். மனுஷனுக்கு உறைக்கிறதில் பத்தில் ஒரு பங்கு விஷம் வந்தாலே போதும், பூப்போல விரிகிற கைகளைச் சுருக்கிக்கொண்டு மூன்றே நாளில் எலும்பாக வெளுத்துவிடும்.

தொட்டிக்கு ஒரு காப்பாளர் உண்டு. காப்பாளர் அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், சாவி அவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், ஆலையின் ஆள் ஒருவரும் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று ஊர்க்கமிட்டி மல்லுக்கட்டி வாங்கிய உரிமை அது. அந்தச் சாவி நான்கு வருஷமாக டெல்பினின் இடுப்பில் இருந்தது. விலங்கியல் படித்தவள், முப்பத்திரண்டு வயது, கல்யாணத்துக்கு அவசரப்படாதவள். அவளைப் படிக்கவைத்தது அண்ணன் பெர்க்மான்ஸ் கடலில் முங்கி எடுத்த சங்குகள். அந்த வீட்டில்தான் அவளும் இருந்தாள், அண்ணனும் அவன் மனைவி ஜூலியட் மைனியும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில்.

காலையில் ஐந்தரைக்கு டெல்பின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுத் தொட்டி முன்னால் நிற்பாள். கொத்துக் கொத்தாகப் பூக்கள் விரிந்து ஆடிக்கொண்டிருக்கும். முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மாடியேறிப் பச்சைக்கொடியை ஏற்றுவாள். கரையில் காத்திருக்கிற பதினோரு வள்ளங்களும் அதைப் பார்த்துத்தான் கிளம்பும். நாற்பது பேர் அவள் ஏற்றுகிற ஒரு முழத் துணியை நம்பிக் கடலுக்குள் முங்கினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு முன்னால் கஸ்பார் என்று ஒருவர் காப்பாளராக இருந்தார். அவர் காலத்தில் ஒரு தடவை பவளம் வெளுத்துவிட்டது. ஆலை நின்றது. ஆனால் சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது: பவளம் வெளுத்தால் ஐந்து மைல் சுற்றளவுக்குக் கடலையும் மூட வேண்டும், விஷக் கடலில் மனுஷன் இறங்கக் கூடாதல்லவா. நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான். பதினோரு மாசம் கடல் மூடிக் கிடந்தது. சங்கு குளிக்கிறவர்கள் உப்பளத்தில் கூலிக்குப் போய்ப் பாதம் வெடித்து வந்தார்கள். நான்கு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனது. ஊர் ஆலையைத் திட்டியதைவிடக் கஸ்பாரைத்தான் அதிகம் திட்டியது, அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். பிறகு ஆலை தன் குழாயில் போடுகிற மருந்தை மாற்றிவிட்டதாகச் சொல்லி, புதுப் பவளம் வைத்து, புதுக் காப்பாளராக டெல்பினை உட்காரவைத்தார்கள். டெல்பின் அந்தப் பதினோரு மாசமும் மேல்படிப்புக்காகக் கல்லூரி விடுதியில் இருந்தாள். அண்ணன்தான் போன் செய்து, இந்த வேலை உனக்குத்தான், வந்து சேரு என்று கூப்பிட்டான்.

கரி வந்தது அதற்கு இரண்டு மாசம் கழித்து. மாதா திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் தொட்டியைப் பார்க்க வந்து, தண்ணீர் டீத்தண்ணி மாதிரி இருக்கிறதே, பவளமே தெரியவில்லையே என்று முகம் சுளித்தார்கள். கடல்நீரில் அழுகிய பாசியும் மீனின் கழிவும் கரைந்து அப்படி ஒரு மஞ்சள் ஏறும். தெளியவைக்க ஏதாவது செய்யக் கூடாதா என்று ஊர்க்கமிட்டி கேட்டது. அதற்கு வழி சொன்னவள் காஞ்சனா.

காஞ்சனா ஆலையின் நீரியல் பொறியாளர். புதன்கிழமைதோறும் வருவாள். சட்டப்படி உள்ளே வர முடியாது என்பதால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே நிற்கிற டெல்பினுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பாள். உப்பின் அளவு எப்படிப் பார்ப்பது, விளக்கை எத்தனை மணி நேரம் எரிப்பது, பவளத்துக்கு என்ன தீனி போடுவது என்று டெல்பின் கற்றதெல்லாம் அந்த நாற்காலியிடம் கற்றது. பிறந்தநாளுக்குப் படம் போட்ட பவளப் புத்தகம் வாங்கிக்கொடுத்தாள். வீட்டுக்கும் இரண்டு மூன்று தடவை சாப்பிட வந்திருக்கிறாள். மீன் மட்டும் வேண்டாம், நான் சைவம் என்பாள்; மைனி அவளுக்கென்று தனியாகக் கத்திரிக்காய்க் குழம்பு வைப்பாள். அவள் ஆலையின் ஆள் என்பதே டெல்பினுக்குப் பாதி நாள் மறந்துபோகும்.

ஆக்டிவேட்டட் கார்பன் என்று மூட்டையில் எழுதியிருக்கும். ஊருக்கு அது வெறும் கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, கொதிக்கிற நீராவியில் வாட்டினால் அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஒரு கரண்டிக் கரியின் ஓட்டைகளை விரித்துப் போட்டால் ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்கு வரும் என்றாள் காஞ்சனா. தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது மஞ்சள் அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை புதுக் கரி மாற்ற வேண்டும். முதலில் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீர் திடீரென்று தெளிந்தால் விளக்கு வெளிச்சமே பவளத்தைச் சுட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கழுவிவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் கரித்தூள் பூவின் வாயை அடைக்கும்.

டெல்பின் ஒன்பது தண்ணீர் கழுவுவாள். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் போய்ப் பளிங்காக வரும்வரை விடமாட்டாள். வலைப்பையில் கட்டி, அடித்தொட்டியில் குழாய் வந்து கொட்டுகிற வாயிலேயே வைப்பாள். சனிக்கிழமை தவறாமல் ஏட்டில் ‘கரி மாற்றினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற அதிகாரி ஏட்டைப் புரட்டிவிட்டு, தண்ணீரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக வேறெந்தத் தொட்டியும் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போவார். சட்டத்தில் ஆலை எதையும் தொட்டியில் வைக்கக் கூடாது என்றுதான் இருந்தது. காப்பாளர் வைக்கக் கூடாது என்று இல்லை.

பெர்க்மான்ஸின் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது மூன்றாவது வருஷத்தில். முதலில் சுண்டுவிரல், பிறகு ஒவ்வொன்றாக, கடைசியில் முழங்கைவரை. சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும். தண்ணீர் கலங்கிய நாளில் முங்குகிறவனுக்குக் கைதான் கண். நாற்பது சங்கு எடுத்து வந்தவன் பதினைந்தோடு வந்தான். சட்டைப் பித்தானை மைனி போட்டுவிட வேண்டியிருந்தது. இன்னும் மூன்று பேருக்கு அதே கதை. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானச் சோற்றில் மைனி நேராகவே கேட்டாள். “ஏம்மா டெல்பின், கடல்ல ஏதும் இருக்குமோ? இவுக ஒருத்தருக்குன்னா சரி, நாலு பேருக்கும் ஒண்ணுபோல வருதே.”

“என் பவளம் எல்லாம் பூத்து நிக்கி மைனி. கடல்ல ஒண்ணுமில்ல. மாதா மேல சத்தியமா சொல்லுதேன்” என்றாள் டெல்பின்.

மைனியின் முகம் தெளிந்தது. பெர்க்மான்ஸ் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். விரலில் உணர்ச்சியில்லாததால் அவ்வளவு நேரம் பிசைகிறான் என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள்.

நான்காவது வருஷம் ஐப்பசியில் புயல் வந்து ஊருக்கு வருகிற பாலத்தை அடித்துக்கொண்டு போனது. கரி மூட்டை வரவில்லை. ஒரு சனிக்கிழமை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. கடல் கொந்தளிப்பில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்ததால் கொடிக்கு வேலையில்லை. பதினாறாம் நாள் காலையில் டெல்பின் விளக்கைப் போட்டபோது ஒரு பூவும் விரிந்திருக்கவில்லை. குழாய் வாய்க்குப் பக்கத்தில் இருந்த கொத்தின் நுனி வெளிறியிருந்தது.

உப்பைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. புயல் கலக்கிய சேறு காரணமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் தோணியில் கரி வந்தது. ஒன்பது தண்ணீர் கழுவிப் போட்டாள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முக்கால்வாசிப் பூக்கள் விரிந்துவிட்டன.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அவளால் முடியவில்லை. மஞ்சளால் பவளம் சாகாது, கடலில் அது மஞ்சள் தண்ணீரில் கிடந்து பழகியதுதான். அப்படியானால் கரி பிடித்துவைத்தது மஞ்சளை மட்டுமா என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு விரட்டியும் அது எழுந்து போகவில்லை.

படித்தவள் ஆயிற்றே, யாரிடமும் கேட்காமல் தானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். கண்ணாடி ஊறுகாய் ஜாடி இரண்டை எடுத்தாள். ஒரே கொத்திலிருந்து இரண்டு துண்டு ஒடித்து ஜாடிக்கொன்றாக வைத்தாள். இரண்டிலும் ஒரே குழாயில் பிடித்த தண்ணீர். ஒன்றில் அப்படியே, மற்றதில் கரி வழியாக வடித்து. ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், ஒரே காற்றுக் குழாய். தினமும் தண்ணீரை அதேபோல மாற்றினாள். கரியில் வடித்த ஜாடியில் பவளம் ஒன்றும் நடக்காததுபோல ஆடிக்கொண்டிருந்தது. மற்றது மூன்றாம் நாள் காலையில் எலும்பாகக் கிடந்தது.

அந்த மூன்று நாளும் அவள்தான் பச்சைக்கொடி ஏற்றினாள். கடல் தணிந்து வள்ளங்கள் போய்க்கொண்டிருந்தன. தொட்டியில் பவளம் பூத்திருந்ததே, எதைச் சொல்லி ஏற்றாமல் இருப்பது என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பின்னாளில் அந்த மூன்று நாளைத்தான் அவள் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்ப்பாள்.

புதன்கிழமை காஞ்சனா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றினாள். டெல்பின் இரண்டு ஜாடிகளையும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். எது எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. காஞ்சனா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

“மஞ்சள் மட்டும்தான் போவும்னு சொன்னிய மேடம்” என்றாள் டெல்பின்.

“மஞ்சள் போகும்னுதான் சொன்னேன். மட்டும்னு சொல்லல.” காஞ்சனா வெளுத்த ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். “குழாய்க்குள்ள கொட்டலசு, சிப்பியெல்லாம் ஒட்டி அடைச்சுக்கும். ஒட்டாம இருக்க ஒரு மருந்து போடுறோம். மஞ்சளும் செத்த உயிர்லேருந்து வர்ற கரிமப் பொருள், அந்த மருந்தும் ஒரு கரிமப் பொருள். கரிக்கு ஆள் தெரியாது டெல்பின். ரெண்டையும் பிடிச்சுக்கும்.”

“மருந்த மாத்தியாச்சுன்னு சொன்னியளே.”

“அளவைக் குறைச்சோம். மாத்த வேற மருந்து இல்ல. ஆலையை நிறுத்தினா நகரத்துல நாலு லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது. போன தடவை நின்னப்போ ஆஸ்பத்திரியில என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அவள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் டெல்பினுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. நாலு லட்சம் பேரை ஒரு தட்டில் வைத்தால் நாற்பது பேர் எந்த மூலைக்கு. ஆனால் அந்தத் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது தன் கை என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. நான்கு வருஷம், இருநூறு சனிக்கிழமை, ஒன்பது ஒன்பது தண்ணீராகக் கழுவிய கை.

“எங்க வீட்டு மீன நீங்க தொடாதது இதுக்குத்தானா?”

காஞ்சனா பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினாள். எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். இத்தனை நாளும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை, போகிறபோது, கோபத்திலா பரிதாபத்திலா தெரியவில்லை, சொல்லிவிட்டாள்.

“நாங்களா வந்து உன் தலையில கட்டல. உங்க ஊர்க்கமிட்டி ஏழு பேர் எங்களோட உக்காந்து பேசித்தான் முடிவாச்சு. கரி என்ன பண்ணும்னு அவங்களுக்கு நான்தான் விளக்கினேன். சாவியை உன்கிட்ட குடுக்கலாம்னு சொன்னதே அந்த ஏழுல ஒருத்தரான உங்க அண்ணன்தான்.”

டெல்பின் நம்பவில்லை. நம்பாமலேயே கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெர்க்மான்ஸ் கொல்லையில் வலையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழுது பார்க்கிற பேர்தான், ஊசியில் நூல் கோத்திருக்கவில்லை. கோக்க முடியாது. அவள் ஒன்றுமே கேட்கவில்லை, வெளுத்த ஜாடியை அவன் முன்னால் வைத்தாள். அவன் ஜாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு மனுஷன் திடுக்கிட வேண்டிய இடத்தில் திடுக்கிடாமல் இருந்தால் அதுவே போதும். அவள் நம்பிவிட்டாள்.

“உக்காருட்டி” என்றான். அவள் உட்காரவில்லை.

அவன் பேச ஆரம்பித்தான். கடலை மூடிய அந்தப் பதினோரு மாசத்தைச் சொன்னான். உப்பளத்தில் தான் மயங்கி விழுந்ததையும், ஜூலியட் தாலிக்கொடியைக் கழற்றி அடகு வைத்ததையும், பூட்டிப்போன நான்கு வீடுகளையும் சொன்னான். எல்லாம் அவளுடைய விடுதிக்குத் தெரியாமல் மறைத்த சங்கதிகள். மறுபடி பவளம் வெளுத்தால் மாதாமுனை என்று ஓர் ஊரே இருக்காது என்று ஏழு பேருக்கும் பட்டதாம். ஆலை மருந்தைக் குறைக்கும், கரி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், கடல் திறந்திருக்கும். கொஞ்சம்தான், உடம்பு தாங்கும் என்று மேடம் சொன்னாளாம். கெட்ட கடலாக இருந்தாலும் இறங்கலாம், மூடிய கடலில் எப்படி இறங்குவது என்று கேட்டான்.

“மத்த முப்பத்தி மூணு பேருக்கும் இது தெரியுமா?”

அவன் நூலில்லாத ஊசியை எடுத்து வலைக்குள் குத்தினான்.

“மைனிக்கு?”

அவன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினான்.

“எனக்கு ஏன் சொல்லல? நான் உங்க கூடப் பொறந்தவதானே.”

“உனக்குப் பொய் சொல்ல வராதுட்டி.” அவன் குரல் கெஞ்சியது. “சின்னதுலேருந்தே வராது. தெரிஞ்சுக்கிட்டுக் கொடி ஏத்துனா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். தெரியாம ஏத்துனா ஊரே நம்பும். அதனாலதான் ஏழு பேரும் உன்னயச் சொன்னோம். உன்மேல ஒரு பாவமும் வரக் கூடாதுன்னுதான்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. அண்ணன் தன்னை ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தன்னிடம் இருந்த ஒரே நல்லதை, அதை நல்லது என்று தெரிந்தே, எடுத்துத் தொட்டிக்குள் இன்னொரு கரிப் பையாக வைத்திருக்கிறான். மாதா மேல் அவள் சத்தியம் செய்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தானே, அதை நினைத்தபோது அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிடவில்லை. தொட்டி வீட்டிலேயே பாயை விரித்துக்கொண்டாள். வியாழக்கிழமையிலிருந்து கொடியும் ஏறவில்லை. கயிறு அறுந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொல்லப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள், சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். கொடி ஏறாததால் வள்ளங்கள் போகவில்லை. ஊர் அவ்வளவு தூரம் அவளை நம்பியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் மொத்தமும் கண்ணாடிக்கு வெளியே கூடியது. கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள், முகத்தில் ஈயாடவில்லை. மைனி பிள்ளைகளோடு அண்ணனின் பக்கத்தில் நின்றாள். டெல்பின் எல்லாரும் பார்க்க அடித்தொட்டியில் கையை விட்டுக் கரிப் பையை எடுத்தாள். தண்ணீரைப் பிழிந்தாள், ஆனால் முழுக்கப் பிழியவில்லை. வெளியே வந்து அண்ணனின் எதிரே நின்றாள்.

“அண்ணே, கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுங்க.”

அவன் கெஞ்சலாக அவளைப் பார்த்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கையை நீட்டினான். அவள் பையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?”

அவன் விரல்களை மடக்கினான், விரித்தான். நெற்றி சுருங்கியது. பையிலிருந்து தண்ணீர் கசிந்து மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

“காஞ்சிருக்கு” என்றான்.

ஜூலியட் மைனி அந்த நனைந்த சட்டையையே பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள்.

டெல்பின் சொல்ல வேண்டியதை நாலே வாக்கியத்தில் சொன்னாள். இத்தனை வருஷம் இந்தப் பை கடலிலிருந்த விஷத்தைப் பிடித்துக்கொண்டது, அதனால்தான் பவளம் பூத்தது. பவளத்துக்குப் போகாத விஷம்தான் உங்கள் நரம்பில் ஏறியிருக்கிறது. இதை வைத்தது என் கை, வைக்கச் சொன்னது யார் என்று கமிட்டி சொல்லட்டும். இனி இந்தத் தொட்டியில் கரி கிடையாது, மூன்று நாளில் பவளம் வெளுக்கும், அதிகாரிக்கு நானே சொல்லிவிடுவேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் திட்டும் சண்டையும் கிளம்பும் என்று நினைத்தாள், அதுவும் கிளம்பவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள்தானா, கூடக்குறைய ஆகுமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மூன்று நாள்தான் என்றாள். கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் டெல்பின் மாடியேறினாள். கொடிக்கம்பம் வெறுமையாக இருந்தது. கரையில் வள்ளங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினோரு வள்ளங்களில் பத்தைக் காணவில்லை. கடலில் வெகு தூரம்வரை அவை பரவிக் கிடந்தன, இதுவரை கொடி பார்த்து ஆறு மணிக்குக் கிளம்பியவை. புயலுக்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கிடந்தவர்கள்கூடப் போயிருந்தார்கள். புதன்கிழமையோடு கடல் மூடிவிடும். அதற்குள் எடுத்ததுதான் மிச்சம்.

அவள் சொன்ன உண்மையையும் ஊர் நம்பியது. அந்த மூன்று நாளைக் கணக்குப்போட்டுக்கொண்டு முங்கப் போய்விட்டது.

பதினோராவது வள்ளம் மட்டும் கரையிலேயே நின்றது. பெர்க்மான்ஸ் முழங்கால் தண்ணீரில் நின்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே நடுப்பலகையில் ஜூலியட் மைனி உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல். அவன் இறங்கு என்கிறான் என்று இங்கிருந்தே தெரிந்தது. அவள் இறங்குவதாக இல்லை; அவள் இறங்காமல் அவன் முங்கப் போக முடியாது.

டெல்பின் மாடியிலிருந்து இறங்கினாள். மணலில் நடந்துபோய், அண்ணனைத் தாண்டி, வள்ளத்தில் ஏறி மைனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.